கரி நகரம் – 9: இன்ஸ்பெக்டர் கையில் ஓர் அட்டை

லீட்ஸ் நகரத்துப் புகை நிபுணர் ஃபிரெடரிக் குரோவர் கல்கத்தாவில் வந்து இறங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அவரை வரவழைத்தது வைஸ்ராய் கர்சனின் அரசு. காரணம் என்ன? 1901-ல் விக்டோரியா மகாராணி மறைந்ததும், மைதானத்தில் அவருக்கு வெண்பளிங்கில் நினைவு மண்டபம் எழுப்ப வேண்டும் என்று கர்சன் முனைந்தார். ஹூக்ளியின் இரு கரையிலும் சணல் ஆலைகள் இரவும் பகலும் புகை கக்கிக்கொண்டிருக்க, பளிங்கு எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? ஊராரின் நுரையீரலைவிட அந்தக் கல்தான் அவரை அதிகம் உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

புகைக்கு எதிராகச் சட்டம் இல்லாமலில்லை. 1863-லேயே ஒன்று போட்டிருந்தார்கள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆலை முதலாளிக்கும் வணிகச் சபைக்கும் கரும்புகை என்றால் தொழில் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

குரோவரின் ஆய்வுக்குப் பின் 1905-ல் வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு அதற்கென ஓர் ஆணையமும் அமைந்தது. இன்ஸ்பெக்டர்களின் ஆயுதம் ஓர் அட்டை, அவ்வளவுதான். பாரீஸ் பேராசிரியர் ரிங்கெல்மான் வகுத்த அளவுகோல் அது. வெள்ளை என்றால் 0, முழுக் கறுப்பு என்றால் 5, நடுவே சாம்பல் நிறத்தின் படிகள். அட்டையைத் தூரத்தில் பிடித்து, புகைபோக்கியிலிருந்து எழும் புகையோடு ஒப்பிட வேண்டும். இவ்வளவு கறுப்பு இத்தனை நிமிடத்துக்கு மேல் நீடித்தால் குற்றம். கண்ணால் பார்ப்பது கணக்காக மாறியதும் முதலாளிகளால் மழுப்ப முடியவில்லை.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் பாய்லர் அறைக்குள் இருந்தது. ராணிகஞ்ச் நிலக்கரியை ஃபயர்மேன் ஒரேயடியாக வாரிக் கொட்டினால் நெருப்புக்கு மூச்சு முட்டும். காற்று போதாமல், பாதி எரிந்த கரி புகையாக வெளியேறும். கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிப் போட்டால் புகை குறையும், நிலக்கரியும் மிச்சமாகும். அதாவது வானத்தைக் கறுப்பாக்கியது முதலாளியின் சொந்தப் பணம். அபராதத்துக்கு அசையாதவர்கள் இந்தக் கணக்குக்கு அசைந்தார்கள்.

இன்று உலகம் பேசும் ‘துறைவாரி உமிழ்வுக் குறைப்பு’க்கும் இதுதான் அடிப்படை. நாட்டுக்கு நாடு இலக்கு வைத்துச் சண்டை போடுவதற்குப் பதில் மின்சாரம், இரும்பு, சிமென்ட் என்று துறையைப் பிரித்து, ஒவ்வொன்றின் உலையையும் தனித்தனியே திருத்துவது. 2007 பாலி மாநாட்டின் செயல்திட்டத்தில் இது இடம்பெற்றது. ஜப்பான் இதைத் தூக்கிப் பிடித்தது. கொல்லைப்புற வழியாகக் கட்டாய இலக்கு வருகிறதோ என்று இந்தியா சந்தேகப்பட்டது. ஆனாலும் 2012-ல் இந்தியாவே 8 துறைகளைச் சேர்ந்த 478 பெரிய ஆலைகளுக்கு எரிசக்திச் சிக்கன இலக்கு விதித்தது. அது தனிக் கதை.

கல்கத்தாவுக்குத் திரும்புவோம். ஆலைப் புகை வெளுத்தும் குளிர்கால மாலைகளில் ஊரைப் புகைமூட்டம் விடவில்லை. ஏன்? சட்டத்தில் ஒரு துறைக்கு முழு விலக்கு இருந்தது: வீட்டு அடுப்பு. சாயங்காலமானால் வங்காளி வீடுகளில் ‘உனுன்’ என்னும் மண் அடுப்பு மூளும். வறட்டி, கரித்தூளை உருட்டிய ‘குல்’ என்று கிடைத்ததெல்லாம் அதில் எரியும். ஏழையின் சமையலில் கைவைக்க எந்த அரசு துணியும்? துணியாதது சரி. ஆனால் மாற்று எரிபொருளையும் தரவில்லையே, அதைத்தான் நான் குற்றம் என்பேன்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. அந்த அட்டையில் 0 என்றால் புகைபோக்கி சுத்தம். நன்றாக எரியும் உலை அப்படித்தான் தெரியும். ஆனால் ஒரு கிலோ கார்பன் முழுமையாக எரிந்தால் சுமார் 3.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதற்கு நிறமில்லை. இந்த வாயு பெருகினால் பூமி சூடாகும் என்று ஸ்வீடனில் அர்ரீனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டிருந்தார். நிலக்கரியை மிச்சப்படுத்திய அளவுக்கு அதுவும் குறைந்திருக்கும். ஆனால் ஆலைகள் பெருகப் பெருக அந்த மிச்சம் எங்கே நிற்கும்? மண்டபப் பளிங்கு தப்பியதும் அதிகாரிகளுக்கு நிம்மதி.

இதற்கிடையே இன்னொரு வழி திறந்திருந்தது. 1899 ஏப்ரல் 17 அன்று இமாம்பாக் சந்தில் கல்கத்தாவின் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1902-ல் குதிரைகளை அவிழ்த்துவிட்டு டிராம் மின்சாரத்தில் ஓடியது. ஆலைகளும் பாய்லரைக் கைவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டால் புகைபோக்கியே தேவையில்லையே என்று தோன்றுகிறதா? அந்த மின்சாரத்தை எதை எரித்து எடுத்தார்கள் என்பதை அடுத்த வாரம் பாருங்கள்.

(தொடரும்)