சீரம் காணாத வேற்றுமைகள்

உடல் தன் திசுவையும் அயல் திசுவையும் பிரித்தறிய உதவும் செல்பரப்புப் புரதங்களான எச்.எல்.ஏ. ஆன்டிஜென்களுள் முதலாவதை 1958இல் பிரான்சின் ழான் தோசே விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் அவற்றை வகைப்படுத்தும் முதன்மைக் கருவியாக இருந்தது, பலமுறை கருவுற்ற பெண்களின் சீரமே. குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற ஆன்டிஜென்களை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் அதில் உருவாகியிருந்தன. ஆயினும், சீரம் ஒரே வகையெனச் சொன்ன இருவரின் வெள்ளணுக்களைக் கலந்து வளர்த்தபோது அவை ஒன்றையொன்று அயலாகக் கருதிப் பெருகியதுண்டு.

1976இல் மார்கன், ரசெட்டி, காலோ ஆகியோர், பின்னாளில் இன்டர்லூக்கின்-2 எனப் பெயர்பெற்ற காரணியால், இவ்வாறு அயலை இனங்காணும் வெள்ளணுக்களான மனித டி செல்களை நீண்டநாள் வளர்க்க முடியுமெனக் காட்டினர். செல்களை மிகவும் நீர்க்கச் செய்து, வளர்ப்புத் தட்டின் குழிக்கு ஒன்று வீதம் பிரித்து வளர்த்தால், ஒரே செல்லின் வழிவந்த கூட்டமாகிய குளோன் கிடைக்கும். அதன் செல்கள் யாவும் அயலை இனங்காணும் ஒரே ஏற்பியைத் தாங்குவதால், பல எதிர்ப்பொருள்களின் கலவையான சீரத்துக்கு வாய்க்காத கூர்மை அதற்கு உண்டு. சீரம் ஒன்றெனக் கண்ட டிஆர்4 என்னும் எச்.எல்.ஏ. வகை, டிடபிள்யூ4, டிடபிள்யூ10, டிடபிள்யூ14 முதலிய உட்பிரிவுகளாகச் செல்வழிச் சோதனைகளில் பிரிந்தது. அவற்றிடையே வேறுபடுபவை சில அமினோ அமிலங்களே. எனினும் முடக்குவாதத்தோடு டிடபிள்யூ4, டிடபிள்யூ14 ஆகியவை தொடர்புற்றிருக்க, டிடபிள்யூ10 அவ்வாறில்லை என்பது மருத்துவத்துக்குச் சிறிய செய்தியன்று.

குளோன்களை உயிரோடு பேணுவது பெரும்பாடு என்பதால், 1980களின் இறுதியில் டி.என்.ஏ. சோதனை பரவியதும் வகைப்படுத்தும் பணி அதனிடம் சென்றது. எச்.எல்.ஏ. முற்றும் ஒத்தோரிடையிலும் எதிர்வினை எழுப்பும் சிறு ஆன்டிஜென்களைத் தேடுவதில் குளோன்கள் தொடர்ந்து பயன்பட்டன. அந்தச் சிறு ஆன்டிஜென்களுள் எச்.ஏ.-1 ஒற்றை அமினோ அமில வேறுபாட்டால் எழுவதென 1998இல் தெரியவந்தது.