நுண்ணறிவு ஈவு

ஒருவரது அறிவுத்திறன் அவருடைய வயதொத்தவர்களின் திறனுக்கு மேலா, கீழா என்பதைக் காட்டும் எண் நுண்ணறிவு ஈவு. பேச்சுவழக்கில் ஐ.க்யூ. இது உயரம், எடைபோல நேரடியாக அளந்து பெறும் எண் அல்ல, வெறும் ஒப்பீடு. அதை மறந்ததால் நேர்ந்த விபரீதங்களே இதன் வரலாற்றில் பாதி.

1884இல் லண்டன் கண்காட்சி ஒன்றில் பிரான்சிஸ் கால்ட்டன், மூன்று பென்னி கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களின் பார்வை, செவி, கைப்பிடி வலு ஆகியவற்றை அளந்தார். புலன்கூர்மையே அறிவுக்கு அடையாளம் என்ற அவரது நம்பிக்கை பலிக்கவில்லை.

திருப்புமுனை பாரீசில் வந்தது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி தர 1904இல் பிரெஞ்சு அரசு குழு அமைத்தது. அதில் இடம்பெற்ற ஆல்ஃபிரட் பினே, மருத்துவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் 30 சோதனைகளை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண்கள் பின்தொடர்கின்றனவா என்பது முதல் சோதனை. சாக்லேட்டையும் மரத்துண்டையும் பிரித்தறிவது, கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்வது என்று படிப்படியாகக் கடினமாகும். 1908 திருத்தத்தில் சோதனைகளை வயதுவாரியாக அடுக்கினார். 'மனவயது' என்ற கருத்து அதிலிருந்து வேரூன்றியது. அறிவு பிறவியிலேயே நிலைத்துவிட்ட ஒன்று என்பதைப் பினே ஏற்கவில்லை. பயிற்சியால் வளரும் என்றே எழுதினார். 1911இல் காலமானார்.

மறு ஆண்டே ஜெர்மானியர் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதைக் கால வயதால் வகுத்தார். அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் 1916இல் அதை 100ஆல் பெருக்கினார். பத்து வயதுப் பிள்ளைக்கு மனவயது எட்டு என்றால் ஈவு 80.

உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டறியப் பிறந்த கருவி, அமெரிக்காவில் ஆளைத் தரம்பிரிக்கும் முத்திரையானது. முதல் உலகப்போரில் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் சுமார் 17 லட்சம் படைவீரர்கள் குழுச் சோதனை எழுதினர். 'கிரிஸ்கோ' என்பது மருந்தா, பற்பசையா, உணவுப்பொருளா என்றொரு கேள்வி! அமெரிக்கக் கடைவீதியை அறியாத குடியேறி இதற்கு என்ன பதில் சொல்வார்? ஆயினும் கார்ல் பிரிகம் 1923இல் இம்மதிப்பெண்களைக் கொண்டே இனங்களைத் தரவரிசைப்படுத்தினார். 1930இல் தம் முடிவைத் தாமே கைவிட்டார்.

இருபது வயதுக்கு மேல் மனவயதுக்குப் பொருளில்லை. அதனால் டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வகுத்தலைக் கைவிட்டார். அவரது முறையில் ஒவ்வொரு வயதுக் குழுவின் சராசரியும் 100. மூன்றில் இரு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையில் வருவர். இன்றைய சோதனைகள் பெரும்பாலும் இந்த வழியையே பின்பற்றுகின்றன. இந்தியாவில் வி.வி. காமத், பினே சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்பத் தகவமைத்தார்.

ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால், 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் சராசரி ஏறத்தாழ 14 புள்ளி உயர்ந்ததாக ஜேம்ஸ் ஃபிளின் 1984இல் காட்டினார். இரண்டு தலைமுறைக்குள் மரபணு இவ்வளவு மாறாது. கல்வி, ஊட்டம், வாழ்சூழல் ஆகியவையே காரணங்களாகப் பேசப்படுகின்றன. அறிவுத்திறன் குறைபாட்டை உறுதிசெய்ய இன்று ஈவு மட்டும் போதாது. அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறனையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.