சால்வியாவும் கற்பூரவள்ளியும்

கொழும்பு கொம்பனித்தெருவில் கியூ வீதி என்றொரு தெரு இருக்கின்றது. நாள்தோறும் அவ்வழியே செல்வோரிற் பலர் அப்பெயரின் காரணத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

சர் ஜோசப் பாங்ஸ் வழங்கிய ஆலோசனையின்படி 1810இல் பிரித்தானியர் அங்கே ஒரு தாவரத் தோட்டத்தை அமைத்தனர். இலண்டன் கியூ தோட்டத்தின் பெயரையே அதற்கும் இட்டனர். 1812இல் அதன் பொறுப்பை ஏற்ற வில்லியம் கெர், முன்னர் சீனாவிலிருந்து அழகுச் செடிகளைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பியவர். 1813இல் தோட்டம் களுத்துறைக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டு கெர் காலமானார். 1821இல் அலெக்சாண்டர் மூன் பேராதனையில் பணியைத் தொடங்கினார்.

இத்தோட்டங்களை அரசு பேணியது அழகுக்காக மட்டுமன்று, வருவாய்க்காகவும்தான். கறுவாவும் கோப்பியும் பேராதனையில் நடப்பட்டன. மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனாவுக்காக 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கல தோட்டம் உருவாயிற்று. சிங்கோனாவின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1884இல் ஹக்கல பூங்காவாக மாறியது. வணிகப் பயிர் கைவிட்ட மண்ணில் குளிர்நாட்டு மலர்கள் குடியேறின.

அத்தகைய குளிர்நாட்டு மலர்களில் ஒன்றுதான் அழகுச் சால்வியா. நீலமும் ஊதாவுமாகக் கதிர்விட்டுப் பூக்கும் ஐரோப்பிய வகை, உறைபனியில் தண்டு பட்டுப்போனாலும் வேரில் உயிரைக் காத்து, இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும். அதற்கு வேண்டியவை முழு வெயிலும் நீர் தேங்காத மண்ணும். பூத்து முடிந்த கதிர்களை நறுக்கிவிட்டால் மறுபடி பூக்கும். ஆனால், ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்பில், ஈரமும் வெக்கையும் சேர்ந்து அதன் வேரை அழுகச் செய்துவிடும். பனியை வென்ற செடி நமது மழைக்குத் தோற்கின்றது.

அதன் உறவுகளான துளசியும் கற்பூரவள்ளியும் இங்கே செழிக்கின்றன. கற்பூரவள்ளியின் தாயகம் ஆபிரிக்கா. ஆயினும் அதை அந்நியச் செடி என்று நம் வீடுகளில் எவரும் சொல்வதில்லை. குழந்தைக்கு இருமல் வந்தால் முதலில் தேடப்படுவது அதன் இலையே.

முப்பது ஆண்டுகளாக இந்நகரில் பத்திரிகைப் பணி புரிந்துவரும் நான், வெள்ளவத்தையில் வீட்டு முற்றங்கள் மறைந்துபோனதைக் கண்டிருக்கின்றேன். 1983 யூலை வன்செயல்களில் வீடுகள் எரிந்தன, பலர் புலம்பெயர்ந்தனர். போரினால் வடக்குக் கிழக்கிலிருந்து வந்தோர் இங்கே குடியேறினர். தனி வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். வெயில் படும் பாத்தி இன்று மாடத்தில் நான்கு சாடிகளாகச் சுருங்கிவிட்டது.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் தோட்டத்தில் சால்வியா பனியைத் தாங்கி நிற்கின்றது. கற்பூரவள்ளியையோ அவர்கள் மாரிகாலத்தில் வீட்டுக்குள், யன்னலோரம் வைத்துக் காக்கின்றார்கள். உரம் என்பது செடியில் மட்டும் இல்லை. அது நிற்கும் மண்ணிலும் இருக்கின்றது. அந்த மண் பொருந்தாத இடத்தில் யாராவது ஒருவர் கைகொடுத்தால்தான் செடி பிழைக்கும். மனிதருக்கும் இது பொருந்தும் என்பதை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.