அரிவாளும் எண்ணெய்க் கொம்பும்



ரோமப் பேரரசு என்றதும் சீசரும், கொலோசியமும், நேர்நேரான சாலைகளும்தான் நம் நினைவுக்கு வரும். தேர்வில் கேட்பதும் அவற்றைத்தான். இன்று நான் சொல்லப்போவது தேர்வில் வராத ஓர் ஆளைப் பற்றி. அவன் புல் அறுக்கும் கூலியாள்.

மூத்த பிளினி என்ற ரோமானிய அறிஞர் 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலை 37 தொகுதிகளாக எழுதினார். நம் முசிறித் துறைமுகத்தைக் குறிப்பிட்டவர் இவர். ரோமின் பணம் ஆண்டுதோறும் இந்தியாவுக்குப் போகிறதே என்று குறைப்பட்டுக்கொண்டவரும் இவர்தான். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்தார்.

வேளாண்மை பற்றிய 18-ஆம் தொகுதியில் சாணைக்கல் பற்றி அவர் சில வரிகள் எழுதியிருக்கிறார். முற்காலத்தில் கிரீட் தீவிலிருந்தும் கடலுக்கு அப்பாலிருந்தும் வந்த கற்களைத்தான் இத்தாலியில் அறிந்திருந்தார்கள். எண்ணெய் விட்டால்தான் அந்தக் கற்களில் அரிவாள் கூராகும். ஆகவே புல் அறுப்பவன் எண்ணெய்க் கொம்பு ஒன்றைக் காலில் கட்டிக்கொண்டே நடந்தான். பிறகு தண்ணீர் விட்டுத் தீட்டும் கற்களை இத்தாலியே தந்தது.

சில வரிகள்தான். ஆனால் அந்தக் கூலியாளின் காலில் இருந்த சுமை இறங்கியதை அவை சொல்கின்றன.

ஓர் ஆள் ஒரு நாளில் ஒரு யூகெரம் நிலத்துப் புல்லை அறுக்க வேண்டும் என்றும் பிளினி கணக்குச் சொல்கிறார். நம் கணக்கில் அது ஏறக்குறைய 62 சென்ட். மழுங்கிய அரிவாளால் அது நடக்காது. வேலையை நிறுத்தி நிறுத்தித் தீட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் செலவானது ஒலிவ எண்ணெய். சமையல், விளக்கு, உடம்புக்குத் தேய்ப்பது என்று எல்லாவற்றுக்கும் வேண்டிய பொருள் அது. தண்ணீரோ ஓடையில் கிடைக்கும்.

கற்களைப் பற்றிய 36-ஆம் தொகுதியில் பிளினி மறுபடியும் இதற்கு வருகிறார். எண்ணெய்க் கற்களில் கிரீட் கல்லுக்கு முதலிடம், தண்ணீர்க் கற்களில் நக்சோஸ் தீவுக் கல்லுக்கு முதலிடம். சிலிசியாவின் கல் இரண்டுக்கும் ஒத்துவரும். முடி திருத்தும் கடைகளில் எச்சில் தொட்டுத் தீட்டும் கல்லும் இருந்ததாம்! அது மெத்தென்று உடையக்கூடியது என்கிறார்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெயா, தண்ணீரா என்பதை மனிதனின் விருப்பம் தீர்மானிக்கவில்லை, கல்தான் தீர்மானித்தது. தீட்டும்போது உதிரும் இரும்புத் துகள் கல்லின் நுண்துளைகளை அடைத்தால் கல் வழவழப்பாகிவிடும், பிறகு அது இரும்பைப் பிடிக்காது. துகளை மிதக்கவைத்து அகற்றத்தான் எண்ணெயும் தண்ணீரும். மென்மையான கல் தானே தேய்ந்து புது மணலைக் காட்டும். அதற்குத் தண்ணீரே போதும். ஜப்பானியரின் தீட்டுக்கற்கள் அப்படித்தான். அமெரிக்காவின் ஆர்கன்சா கல் கடினமானது. அதை நெடுங்காலமாக எண்ணெய் விட்டே பயன்படுத்தி வந்தார்கள்.

வீட்டில் எண்ணெய் குடித்த பழைய சாணைக்கல் இருந்தால் அதன்மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டோடும். தண்ணீருக்கு மாற்ற வேண்டுமானால் முதலில் சோப்புத்தூள் போட்டு, பிரஷால் பல முறை தேய்த்துப் பழைய எண்ணெயை வெளியேற்ற வேண்டும். ஊறிப்போன எண்ணெய் லேசில் வராது. சமையல் எண்ணெய் என்றால் பிசினாக இறுகியிருக்கும். பொறுமை வேண்டும்.

ஒரு பேரரசு எத்தனை நாடுகளை வென்றது என்பதை வரலாறு சொல்லத்தான் வேண்டும். அதன் வயலில் வேலை செய்தவனுக்கு எப்போது, எதனால் பாரம் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையான வரலாறு. உங்கள் பிள்ளைகளுக்கு ரோமைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் புல் அறுப்பவனையும் சொல்லுங்கள்.