நெல்லும் கோதுமையும்

திருநீர்மலைக்கு வந்த திருமங்கையாழ்வார் (இயற்பெயர் நீலன்), மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் ஆறு மாதம் தங்கியிருந்து சேவித்தார் என்பது தல வரலாறு. படை நடத்திய ஆலிநாட்டுத் தலைவரைத் தண்ணீர் நிறுத்தி வைத்தது. அரேபியாவின் யமாமாவைச் சேர்ந்த பனூ ஹனீஃபா குலத் தலைவர் ஸுமாமா பின் உஸாலை நிறுத்தி வைத்தது கயிறு. முஸ்லிம்கள் அவரைச் சிறைபிடித்து, மதீனாப் பள்ளிவாசல் தூணில் கட்டினார்கள்.

தொடக்கத்தில் இருவருக்கும் ஒற்றுமையே இல்லை. ஸுமாமா இஸ்லாத்தின் வெளிப்படையான பகைவர். நீலனோ யாருக்கும் சமயப் பகைவரல்லர். தாம் மணக்க விரும்பிய, நாளும் 1008 அடியார்க்கு அமுது செய்விக்கச் சொன்ன குமுதவல்லிக்காக வைணவரானவர். நீலனைக் காதல் கொண்டுவந்தது. ஸுமாமா வெறுப்பைக் கடந்து வரவேண்டியிருந்தது.

வியப்பான ஒற்றுமை சிறையில் இருக்கிறது. சோழனுக்குரிய கப்பப் பணம் அடியார்க்கு அமுதிடும் ததீயாராதனத்தில் கரைந்ததால் பிடிபட்ட நீலன், ஒரு கோயிலில் மூன்று நாள் பட்டினி கிடந்தார் என்கிறது வைணவக் குருபரம்பரை வரலாறு. ஸுமாமா கட்டுண்டிருந்ததும் வழிபாட்டிடத்தில், அதுவும் மூன்று நாள். நபிகள் நாயகம் நாள்தோறும் வந்து அவர் எண்ணத்தைக் கேட்டார். ஸுமாமா கெஞ்சவில்லை. தன்னைக் கொன்றால் பழிதீர்க்க ஆளுண்டு, விட்டால் நன்றி மறவேன் என்ற பதிலையே திரும்பச் சொன்னார். மூன்றாம் நாள் எந்த நிபந்தனையுமின்றி அவிழ்த்துவிட்டார்கள். அருகிலிருந்த பேரீச்சந்தோப்பில் குளித்துவிட்டு, தாமாகவே திரும்பி வந்து இஸ்லாத்தை ஏற்றார். நீலனுக்கோ காஞ்சிப் பேரருளாளன் கனவில் வந்து, வேகவதிக் கரையில் புதையலைக் காட்டிக் கடனைத் தீர்த்தான்.

மனம் மாறிய பின்னும் இருவரும் தலைவர்களே. நீலன் அடியார்க்குச் சோறிட வழிப்பறிக்கும் துணிந்தார். ஸுமாமா மக்காவுக்கு யமாமாக் கோதுமை ஒரு மணியும் போகாதபடி தடுத்தார். ஒருவர் ஊட்டியும் மற்றவர் மறித்தும் தானியத்தையே பக்திக்குக் கருவியாக்கினார்கள். ஆனால் மக்காவின் குறைஷியர் முறையிட்டதும், தம்மை எதிர்த்த ஊரென்றும் பாராமல், தடையை நீக்கும்படி நபிகள் எழுதினார். ஆழ்வாரின் வேகத்துக்கு அப்படியொரு கை குறுக்கே வரவில்லை. நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்து திருவரங்க மதில் கட்டினார் என்ற கதையை வைணவ மரபே பெருமையாகச் சொல்கிறது. பௌத்தரின் பக்கத்திலிருந்தும் அதைக் கேட்டுப் பார்ப்பதே நியாயம்.

சான்றுகளும் வேறு வகை. திருநீர்மலை ஒன்றுக்கே ஆழ்வாரின் சொந்தக் குரலில் 19 பாசுரங்கள் உள்ளன. ஸுமாமாவின் பேச்சோ புகாரி முதலியோர் தொகுத்த நபிமொழிகளின் வழியாகவே கிடைக்கிறது.

632இல் நபிகள் மறைந்தபோது பனூ ஹனீஃபாவில் பெரும்பாலோர் தம்மையும் நபி என்று சொல்லிக்கொண்ட முஸைலிமாவின் பின்னே நின்றார்கள். ஸுமாமா தம் குலத்தைவிட்டு விலகி மதீனாவின் பக்கம் நின்றார். ஆழ்வார் சோழனை எதிர்த்ததுண்டு. சொந்தக் குலத்தையே எதிர்த்து நிற்கும் நிலை அவருக்கு வரவில்லை.