தீவகக் கடலும் மீனுக்கொரு வலையும்

மேனாட்டுச் செல்வர்கள் சிலவகை மீன்களுக்கு 'விளையாட்டு மீன்' என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். தூண்டில் முள் தைத்த மாத்திரத்தில் அடங்கிவிடாது, நெடுநேரம் திமிறிப் போராடி, பிடிப்பவனுக்குக் களிப்பூட்டும் மீன் எதுவோ அதுவே அவர்கள் கணக்கில் விளையாட்டு மீன். 1898இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கு அப்பாலுள்ள கற்றலினாத் தீவில் சூரைமீன் பிடிப்போருக்கென ஒரு கழகம் தோன்றியது. 1939இல் அனைத்துலகச் சங்கமொன்றும் அமைந்தது. முள் தைத்தது முதல் மீன் படகேறும்வரை பிறர் கை தூண்டிலிற் படலாகாது. பட்டால் அம்மீன் சாதனைப் பட்டியலிற் சேராது என்று அச்சங்கம் விதி வகுத்தது. பிடித்த மீனின் நிறை, பிடித்தவர் பெயர், நாள், இடம் அனைத்தும் ஏட்டில் ஏறின.

அவர்கள் பட்டியலிலுள்ள மீன்கள் நமக்குப் புதியன அல்ல. அறக்குளா, பாரை, சீலா, கட்டா, கொடுவா, சூரை, மயில்மீன் என்று தமிழ் வழங்கும் கடலோரங்களில் குழந்தையும் அறிந்த பெயர்கள்தாம் அவை. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இவற்றைப் பிடித்தவர்கள் எண்ணற்றோர். ஆனால் அவர்களில் ஒருவர் பெயரேனும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர்களுக்கு அது விளையாட்டாக இருந்ததில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் நமது வரலாற்றெழுத்தின் இயல்பிலேயே இருக்கின்றது.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்ச் சாசனம் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் சாசனம் அது. ஊராத்துறை என்று அந்நாளில் வழங்கிய ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்பளிக்க வேண்டுமென்பதும், கப்பல் உடைந்தால் செய்ய வேண்டியதும் அதில் விதிக்கப்பட்டுள்ளன. ஆனை, குதிரை கொண்டுவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் கொண்டுவந்த கலமாயின் சரிபாதி. எவ்வளவு துல்லியமான கணக்கு! உடைந்த கலத்தில் தத்தளித்தவர்களைக் கரைசேர்க்க யாருடைய தோணி முதலிற் சென்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தோணிக்காரனைப் பற்றிச் சாசனத்தில் ஒரு சொல்லும் இல்லை.

பின்வந்தோரும் அவ்வாறே. போர்த்துக்கேயர் துறைக்குத் தம் மொழியில் வழங்கிய சொல்லிலிருந்தே 'கேய்ற்ஸ்' என்ற பெயர் பிறந்தது. கடலின் நடுவே ஒரு கோட்டையும் எழுந்தது. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரப் பெயர்களை இட்டனர்: நெடுந்தீவு டெல்வ்ற், வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவில் அவர்கள் வளர்த்த குதிரைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். சங்கும் முத்தும் அரசுக்கு வருமானம் தந்தன. ஆகவே அவற்றைப் பற்றி ஆங்கிலேயரும் விரிவாக எழுதினர். 1902இல் முத்துச்சிப்பி ஆய்வுக்காக இலங்கை வந்த ஜேம்ஸ் ஹோர்னெல், பின்னர் சென்னை மாகாணத்து மீன்பிடி முறைகளை ஆராய்ந்து பதிந்தார். அவர் செய்தது பெரும்பணி; பாக்குநீரிணையின் மறுகரை மீனவர் அவராற் புண்ணியம் பெற்றனர். தீவகத்துத் தூண்டிற்காரனோ மீன்வரிக் குத்தகைக்காரனின் கணக்கில் மட்டுமே இடம்பெற்றான்.

அவனுடைய கலையை அறிய வேண்டுமானால் முதலில் அவனுடைய கடலை அறிய வேண்டும். தீவகத்துக்கு இரண்டு கடல்கள். தீவுகளுக்கும் குடாநாட்டுக்கும் இடையே கிடப்பது பரவைக்கடல்: ஆழங்குறைந்தது, தாழை படர்ந்தது, பல இடங்களில் இடுப்பளவு நீரே உள்ளது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் மேற்கே விரிவது பாக்குநீரிணையை அடுத்த வெளிக்கடல். அதுவும் பேராழமன்று, பெரும்பகுதி பதினைந்து மீற்றருக்கு உட்பட்டதே. சேறும் மணலும் முருகைக்கல்லும் மாறிமாறி வரும் அந்த அடித்தரையில், எந்த மீன் எந்தத் தரையை நாடும், சோளகத்தில் எங்கே ஒதுங்கும், வாடையில் எங்கே கூடும் என்ற அறிவுதான் மீனவனின் உண்மையான மூலதனம்.

பரவைக்கடலில் மீனைத் தேடிப் போக வேண்டியதில்லை. அது வரும் வழியிற் காத்திருந்தாற் போதும். சிறகுவலை இவ்வறிவின் வடிவம். கம்புகளை நட்டு, வலையை நீண்ட வேலிபோல் நிறுத்துவர். நீரோட்டத்தோடு வரும் மீன், தடை கண்டதும் திரும்பி ஓடாது. தடையை ஒட்டியே ஆழத்தை நாடிச் செல்லும். அந்த இயல்பே அதற்குப் பகை. வேலியின் முடிவில் உள்ள அறைக்குள் அது நுழைந்துவிடும். புகுந்த வழி மீண்டும் அதன் கண்ணிற் படாது. திரளிக்கு வீச்சுவலை; ஓராவுக்கும் ஒட்டிக்கும் தாழைகளுக்கிடையே வைக்கும் கூடு. காற்றடங்கிய இருட்டிரவில் ஓலைச்சூள் கொளுத்திக்கொண்டு, மண்டாவும் கையுமாக நீரில் நடந்து குத்துவது ஏழையினும் ஏழையின் தொழில். தோணி இல்லாதவனுக்கும் வலை இல்லாதவனுக்கும் கடல் விட்டுவைத்த பங்கு அது.

கொடுவாய் என்றும் கொடுவா என்றும் வழங்கும் மீன் உவர்நீரையும் கடல்நீரையும் மாறிமாறி நாடுவது. கலங்கல் நீரில், மரவேர், கற்குவியல் ஆகியவற்றின் மறைவில் அசையாது நின்று இரைமேற் பாயும். செத்த இரையைவிட உயிருள்ள இறாலும் சிறு திரளியுமே அதற்கு விருப்பம். இம்மீன் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளின்பின் பெண்ணாக மாறுகின்றது என உயிரியலார் கண்டிருக்கின்றனர். ஆகவே பெருங்கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்கள். முருகைக்கல் பொந்துகளில் வாழும் கலவாயோ இதற்கு நேர்மாறு: பெண்ணாகத் தொடங்கி ஆணாக முடிவது. கலவாய்க்குக் கைத்தூண்டிலே ஏற்றது. இரை கவ்வியதும் ஒரு கணமும் தாமதியாது மேலே இழுக்க வேண்டும். சற்றே நெகிழ்ந்தாலும் அது பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொள்ளும். பின் நூல்தான் அறும். விளைமீனின் பொறுமை வேறு. மணலும் கல்லும் கலந்த தரையில் இரவில் மேயும் அம்மீனைக் கணவாய்த் துண்டும் நண்டும் காட்டி அழைக்க வேண்டும்.

வெளிக்கடலின் அரசன் அறக்குளா. தமிழகத்தில் வஞ்சிரம், நெய்மீன் என்று சொல்லப்படுவதும் இவ்வினமே. விடியலிலும் மாலையிலும் பாய் விரித்தோடும் தோணியின் பின்னே நீண்ட நூலில் இரையை இழுத்துச் செல்வது இதைப் பிடிக்கும் முறைகளில் ஒன்று. அறக்குளா முழு இரையையும் ஒரே வாயில் விழுங்குவதில்லை. வேகமாக வந்து வாற்பகுதியை அரிந்துகொண்டு போய்விடும். ஆகவே முள் இரையின் பின்புறத்தில் மறைந்திருக்க வேண்டும். அதன் பற்கள் நூலை நறுக்கிவிடுமாதலால் முள்ளை அடுத்துக் கம்பி கட்ட வேண்டும். சீலாவுக்கும் இக்கம்பி வேண்டும். பாரைக்குப் பல் அத்துணை கூர்மையன்று; அதன் வலிமை உடலில். இன்று இலட்சக்கணக்கில் விலைபோகும் தூண்டிற்கோல்களோடு வரும் உல்லாசப் பயணிக்குப் புத்தகம் கற்பிப்பதும் இந்த முள்ளையும் கம்பியையுந்தான்.

மற்றொரு முறை, இரவில் நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலை. முற்காலத்தில் வலை பருத்தியாலும் சணலாலும் ஆனது. பகல் வெளிச்சத்தில் மீனின் கண்ணுக்குத் தப்பாது. ஆகவே இருட்டே அதற்கு உகந்தது. நூல் உக்கிப்போகாதிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து உலர்த்துவர். திருக்கைக்கு அகன்ற கண்ணுடைய வலையை அடித்தரையிற் பதித்து மறுநாள் எடுப்பர். அகன்ற கண் வழியே சிறுமீன் தப்பிச் செல்லும். கண்ணின் அளவு மீனின் அளவு. வேண்டிய மீன் அகப்படும், வேண்டாதது போய்விடும்.

இவ்வறிவெல்லாம் இருந்தும் உழைத்தவன் வாழ்ந்தானா? கரைவலையைப் பாருங்கள். வள்ளம் வலையை அரைவட்டமாக வளைத்து வர, இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று பலர் கூடி இழுப்பர். அனைத்துலகச் சங்கத்தின் விதிப்படி இவர்கள் பிடித்த பாரை ஒன்றேனும் சாதனைக்கு உரியதன்று! வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை. அவற்றுக்குரிய பங்கு போக எஞ்சியதே இழுத்தவர்களுக்கு. முன்பணமாக வாங்கிய கடன் அதிலும் ஒரு பகுதியை விழுங்கும். நிலம் வைத்திருப்பதே மதிப்பென்று கருதிய யாழ்ப்பாணச் சமூகத்தில், கரையார், முக்குவர், திமிலர் என்று பிரித்தழைக்கப்பட்ட கடல் மக்கள், மீன் விற்குமிடத்தில் வேண்டப்பட்டவர்களாகவும் வீட்டு வாசலில் வேண்டாதவர்களாகவும் இருந்தனர். அவர்களுடைய அறிவு அறிவென்று மதிக்கப்படாமற் போனதற்கு இதுவே அடிப்படை.

1950களில் நைலோன் நூலும் இயந்திரமும் வரத் தொடங்கின. நைலோன் உக்குவதில்லை, சாற்றில் தோய்க்க வேண்டியதில்லை, நீரில் எளிதிற் தெரிவதில்லை. காரைநகரில் நோர்வே நாட்டவர் உதவியோடு 'சீநோர்' நிறுவனம் தோன்றி, கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. உழைப்பாளி தானே படகுடையவனாகும் வாய்ப்பு முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. கடன் தொல்லை அடியோடு போய்விடவில்லை எனினும் இது பெரிய மாற்றமென்றே கொள்ள வேண்டும்.

அம்மாற்றம் வேரூன்ற விடப்படவில்லை. 1974இல் கச்சதீவு இலங்கைக்குரியதாக ஏற்கப்பட்டு எல்லைக்கோடு வரையப்பட்டது. 1976இல் மேலும் ஓர் உடன்படிக்கை. அடுத்து யுத்தம். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' படகில் முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் கடலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990இன் பின் தீவகத்தின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. எஞ்சியோருக்குக் கடலிற் போக அனுமதிச்சீட்டு, நேர வரம்பு, இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் வரம்பு. அறக்குளா வரும் வேளையில் வலை வீட்டிற் கிடந்தது.

அதே காலத்தில் மறுகரையில் இழுவைப்படகுகள் பெருகின. 2009இல் யுத்தம் முடிந்து தீவகத்தார் மீண்டும் தம் கடலுக்குப் போனபோது அங்கே அவை நின்றன. இழுவைமடிக்குக் கொடுவாவும் தெரியாது, கலவாயும் தெரியாது. அடித்தரையை வாரிக்கொண்டு போகும் அதன் கண்ணில் ஆண், பெண், குஞ்சு என்ற பேதமில்லை. இரவில் விரித்து வைத்த வலைகளையும் அறுத்துக்கொண்டு போகின்றது. அப்படகுகளில் கூலிக்கு வரும் இராமேசுவரத்து உழைப்பாளி நம் பகைவனல்லன். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இரு கரையாரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். படகுடைய முதலாளி பெரும்பாலும் கடலுக்கே வருவதில்லை. நம் கரையிலும் இழுவைமடி வைத்திருப்போர் உளர் என்பதை மறைத்துப் பயனில்லை. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அடித்தள இழுவை முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. மீனவர் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற சட்டம் அது.

சட்டம் வந்தபின்னும் இழுவைப்படகுகளின் வரவு நிற்கவில்லை. கிழமையில் மூன்று நாட்களை அவற்றின் நாட்கள் என்றே வடபகுதி மீனவர் குறித்து வைத்திருக்கின்றனர். அவ்விரவுகளில் வலையைக் கடலில் இட அஞ்சிப் பலர் கரையிலேயே தங்கிவிடுகின்றனர். பரவைக்கடலிலோ அண்மைக் காலத்தில் ஏற்றுமதிக்கான கடலட்டைப் பண்ணைகள் கம்பும் வலையுமாக எழுந்துள்ளன. அவற்றால் வருமானம் பெறுவோரும் உண்டு. தம் பாடு பறிபோயிற்று என முறையிடும் சிறகுவலைக்காரரும் வீச்சுவலைக்காரரும் உண்டு. சூள் பிடித்து நடந்த ஆழமில்லாத நீரும் அதுவேதான்.