நாணயப் பொறியும் பெயரற்ற கைகளும்

கலிபோர்ணியா மாநிலத்துச் சன்னிவேல் நகரின் மதுச்சாலையொன்றில் 1972ஆம் ஆண்டு ஒரு புதுமையான பொறி வைக்கப்பட்டது. திரையில் இரு கோடுகள். அவற்றிடையே துள்ளும் ஓர் ஒளிப்புள்ளி. காசிட்டால் ஆடலாம். சில நாட்களில் அது பழுதடைந்துவிட்டதெனச் செய்தி வர, அதனை ஆக்கிய அல் அல்கோர்ன் சென்று திறந்து பார்த்தார். உண்டியல் நிரம்பி வழிந்தமையே காரணம். 'பொங்' எனும் இவ்விளையாட்டிலிருந்தே அட்டாரி நிறுவனத்தின் கதையைத் தொடங்குவர். நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகிய இருவரும் தலைக்கு 250 டொலர் இட்டுத் தொடங்கிய நிறுவனத்தை 1976இல் வார்னர் நிறுவனம் 28 மில்லியன் டொலருக்கு வாங்கியதென அக்கதை வளரும். இடையிலே விலகிய டாப்னியின் பெயரும் அதில் மங்கிப் போயிற்று.

தனிமனித மேதைமையின் வெற்றியாக இதனை நாம் ஏற்றல் இயலாது. திரையிலே விண்கலம் செலுத்தி ஆடும் 'ஸ்பேஸ்வோர்' எனும் விளையாட்டை 1962இல் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்து இளைஞர் ஆக்கிக் காசு பெறாமலே பகிர்ந்தனர். அதனைத் தழுவியே புஷ்னெலும் டாப்னியும் 1971இல் தம் முதற் பொறியைச் செய்தனர். பொதுவில் இருந்தது பூட்டிட்ட பெட்டியுட் புகுந்து பண்டமாயிற்று.

1979இல் லைல் ரெயின்ஸின் எண்ணத்திலிருந்து எட் லொக் உருவாக்கிய 'அஸ்டிரொயிட்ஸ்' எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட பொறிகளாக விற்பனையாயிற்று. உயர்ந்த புள்ளி பெற்ற ஆட்டக்காரர் தம் பெயருக்கு மூன்று எழுத்துக்களைத் திரையிற் பொறிக்கலாம். ஆக்கியோர் பெயருக்கு அங்கு இடமில்லை. நிறுவனத்தின் பெயர் மட்டுமே உண்டு! அதே ஆண்டில், வீட்டு விளையாட்டுக் கருவிக்கு நிரல் எழுதிய நால்வர் பெயரும் பங்கும் வேண்டி, மறுக்கப்பட்டு வெளியேறி 'அக்டிவிஷன்' நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். பொருத்து வரிசையில் நிற்கும் தொழிலாளியிலும் நீங்கள் மேலானவரல்லர் என நிர்வாகம் தமக்கு விடையிறுத்ததாக அவர்கள் பின்னர் கூறினர். அந்த ஒப்பீட்டில் இழிவு யாதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இருவரும் உழைப்பாளரே. இருவருக்கும் உரியதை மறுப்பதற்கு அவ்வுண்மை பயன்பட்டதே கொடுமை. 1983 பெப்ரவரியில் வீட்டுக் கருவிகளின் உற்பத்தியை ஹொங்கொங்குக்கும் தாய்வானுக்கும் மாற்றப்போவதாக அறிவித்த அட்டாரி, பொருத்து வரிசையிலிருந்தோர் உட்பட ஏறத்தாழ 1,700 பேரை வேலையினின்று நீக்கியது. மலிவான கூலி எங்குளதோ அங்கே மூலதனம் பெயர்ந்தது.

படைப்பாளரின் மனச்சான்று இக்கூடத்தில் உறங்கிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். டேவ் தொய்ரர் 1980இல் ஆக்கிய 'மிசைல் கொமாண்ட்' விளையாட்டிலே ஆறு நகரங்களை ஏவுகணைகளினின்றும் காக்க வேண்டும். இறுதியில் அவை அழிந்தே தீரும். அதனை ஆக்குங்கால் அணுகுண்டுக் கனவுகள் தம்மை வருத்தியதாக அவர் கூறியுள்ளார். 'பற்றில்சோன்' எனும் தாங்கிப்போர் விளையாட்டைப் படைவீரர் பயிற்சிக்கு ஏற்ப மாற்றித் தருமாறு இராணுவத் தரப்பினர் கேட்டபொழுது, அதனை ஆக்கிய எட் ரொட்பேர்க் எதிர்த்தார். எனினும் அவரே அதனைச் செய்து கொடுக்க நேர்ந்தது. மாதச் சம்பளக்காரரின் எதிர்ப்புக்கு உள்ள எல்லையை அறிய வேறு சான்று வேண்டுமோ?

1984இல் நிறுவனம் இரண்டாகப் பிளக்கப்பட்டது. நாணயப் பொறிப் பிரிவு 'அட்டாரி கேம்ஸ்' ஆகி, அடுத்த ஆண்டில் யப்பானிய நாம்கோவின் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே எட் லொக்கின் 'கோன்ட்லெற்' வெளிவந்து பெரும் வரவேற்புப் பெற்றது. பின்னரும் அது கைமாறிக்கொண்டே சென்றது. 1996இல் வாங்கிய உடைமையாளர் சில ஆண்டுகளில் பழைய பெயரையும் களைந்து, 'மிட்வே கேம்ஸ் வெஸ்ற்' என மாற்றினர். அப்பெயருடனேயே 2003இல் மில்பிற்றாஸ் நகரிலிருந்த அக்கூடம் மூடப்பட்டது.